வீட்டில் கண்ணாடி மாட்டும் முறை

சோறாக்கும் பானை ஒன்று வாங்கப் புறப்பட்டால் அதைத் தட்டிப் பார்க்கிறோம், அளவு பார்க்கிறோம், பக்கத்து வீட்டாரிடம் யோசனையும் கேட்கிறோம். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கும்பொழுது மட்டும் நம்மவர் இவ்வளவு எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டத்தின் வண்ணம் பிடித்திருந்தால் போதும். வாங்கி வந்து, சுவரில் ஏற்கெனவே எந்த ஆணி இருக்கிறதோ அதிலே மாட்டிவிடுகிறோம். அந்த ஆணி பெரும்பாலும் வீட்டுத் தலைவர் தம் கைக்கு எட்டிய உயரத்தில் அடித்ததாகவே இருக்கும்.

இஃது ஓர் அற்பச் செய்தி என்று எண்ணியிருந்தவருள் நானும் ஒருவன். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் வகிடு கோணலாக, நெற்றிப் பொட்டு ஒரு புருவத்தின்மேல் சரிந்து, பவுடர் ஒரு கன்னத்தில் மட்டும் அப்பியபடி வந்து நிற்பாள். சுகாதாரம், துப்புரவு என்று கல்லூரியில் படித்தவை என் மனத்தில் சூடு ஆறாமல் இருந்த காலம் அது. “வீட்டிலே கண்ணாடி இல்லையா?” என்று வகுப்பார் எல்லாரும் கேட்கக் கேட்டுவிட்டேன். “இருக்குங்க சார்” என்று சொல்லித் தலை குனிந்துகொண்டாள்.

பிறகொரு நாள் வேறு காரியமாக அவர்கள் லயத்திற்குப் போக நேர்ந்தது. கண்ணாடி இருக்கத்தான் செய்தது. தந்தை நின்றபடி சவரம் செய்துகொள்ளும் உயரத்தில், பச்சைச் சட்டம் போட்ட சிறு கண்ணாடி ஒன்று பலகைச் சுவரில் தொங்கியது. தாயும் தந்தையும் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளை தானே குளித்து, தானே தலைசீவிக்கொண்டு பள்ளிக்கு வரவேண்டும். நாற்காலியில் ஏறி விழுந்துவிடப் போகிறாள் என்று தாயார் அதற்கும் தடை போட்டிருந்தார். அவள் முகம் அந்தக் கண்ணாடியில் தெரிய வழியே இல்லை. நான் கேட்ட கேள்விக்காக அவளிடம் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும்; அதற்குரிய துணிவு அன்று எனக்கு இல்லை.

ஆகவே முதலில் உயரத்தைப் பற்றியே பேசுவோம். ஒளி ஒரு சமதளக் கண்ணாடியின்மேல் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதை நாம் எல்லாரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதிலிருந்து பிறக்கும் வீட்டுக் கணக்கைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நம் காலிலிருந்து புறப்படும் ஒளி, கண்ணாடியில் பட்டு நம் கண்ணை அடைய வேண்டுமானால், அது கண்ணாடியைத் தொடும் இடம் காலுக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் இருக்கும். உச்சந்தலையிலிருந்து வரும் ஒளியோ தலைக்கும் கண்ணுக்கும் நடுவில் தொடும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் தம் முழு உருவத்தையும் காணத் தம் உயரத்தில் பாதியளவுள்ள கண்ணாடியே போதும் என்பது விளங்கும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 85 செ.மீ. நீளம் போதுமானது. ஆளுயரக் கண்ணாடி என்று கடைக்காரர் புகழ்ந்து விற்பதில் பாதி, ஒருவருக்கு மட்டுமாயின் வீண் செலவே.

பின்னால் நகர்ந்து நின்றால் உடம்பு இன்னும் கூடுதலாகத் தெரியும் என்று பலர் நம்புகின்றனர். ஆசிரியரிலும் சிலர் அவ்வாறு நம்பக் கண்டிருக்கிறேன். கண்ணாடி சுவரோடு நிமிர்ந்து இருக்குமானால் அப்படி நேராது. ஐயமுள்ளவர்கள், கண்ணாடியில் தம் மோவாய் தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, இரண்டடி பின்வாங்கிப் பார்க்கட்டும். மோவாய் அந்தக் காகிதத்தை விட்டு அகலாது. மாணவர்களை வைத்து இதைச் செய்து காட்டினால் ஒரு பாட வேளை முழுதும் சிரிப்பும் வியப்புமாகக் கழியும்.

இனிக் குடும்பக் கணக்கிற்கு வருவோம். தந்தையின் உயரம் 170 செ.மீ., மகளின் உயரம் 115 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் கண் ஏறக்குறைய 159 செ.மீ. உயரத்தில் இருக்கும், அவர் உச்சந்தலை தெரியக் கண்ணாடியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 165 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். மகளின் கண் 105 செ.மீ. உயரத்திலும், மோவாய் 95 செ.மீ. உயரத்திலும் இருக்கும், எனவே கீழ்விளிம்பு 100 செ.மீ.க்கு மேலே போகக்கூடாது. ஆக, 65 செ.மீ. நீளம், அதாவது இரண்டடி இரண்டங்குலம் உள்ள கண்ணாடி ஒன்றே வீட்டார் அனைவரின் முகத்தையும் காட்டிவிடும். எல்லாருக்கும் முழு உருவமும் தெரிய வேண்டுமென்றால் கீழ்விளிம்பை 52 செ.மீ. வரை இறக்க வேண்டும்; நீளம் 113 செ.மீ. ஆகும்.

பழைய முடிதிருத்தும் கடைகளில் கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். சாய்வு, தாழ இருப்பவர் முகத்தைக் காட்ட உதவும். ஆனால் லயத்து அறையில் பின்வாங்கி நிற்க இடமேது? குழந்தைக்காகச் சாய்க்கப் போனால் கண்ணாடி பாதி கவிழ்ந்துவிடும். நீளமான கண்ணாடியே நல்லது. அல்லது தாழ்வாக இன்னொன்று மாட்டலாம். எங்கள் வீட்டில் நான் மேற்சொன்ன அளவுப்படி மாட்டியது பேரப்பிள்ளைகளை எண்ணி. இப்பொழுது அதனால் அதிகப் பயன் பெறுபவர் என் தாயார். முழங்கால் வலியால் நிற்க இயலாத அவர் நாற்காலியில் அமர்ந்தால் கண் ஏறக்குறைய ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்திற்கே வருகிறது. அமர்ந்தபடியே வகிடு எடுத்துக்கொள்கிறார்.

இடையில் தமிழாசிரியர்களுக்காக ஒரு சொல். கண்ணாடிக்கு நம் பழைய பெயர் ஆடி. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார், மனைவியின் விருப்பப்படியெல்லாம் நடக்கும் தலைவனை ஆடியில் தோன்றும் பாவைக்கு ஒப்பிட்டுப் பரத்தை ஏளனம் செய்வதாகப் பாடியிருக்கிறார். ஆண்டாளின் திருப்பாவை இருபதாம் பாசுரத்தில் வரும் சொல் தட்டொளி. தட்டு என்பதிலேயே அது உலோகத் தகடு என்பது புலப்படுகிறது. மெருகேற்றிய உலோகத்தில் முகம் பார்த்த அந்த மரபு முற்றிலும் அழிந்துவிடவில்லை; கேரளத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துத் தேய்த்து இன்றும் செய்கின்றனர். அதில் விரல்நுனியை வைத்தால் விரலும் நிழலும் ஒன்றையொன்று தொடும். நம் வீட்டுக் கண்ணாடியில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். பிரதிபலிக்கும் வெள்ளிப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதே காரணம்.

அந்த வெள்ளிப் பூச்சுத்தான் கண்ணாடியின் உயிர். முற்காலத்தில் ஐரோப்பியர் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துக் கண்ணாடியின் முதுகில் படிய வைத்தனர். அந்தப் பாதரச ஆவி தொழிலாளரின் உடலைக் கெடுத்தது. 1835ஆம் ஆண்டில் லீபிக் என்னும் ஜெர்மானிய வேதியியலார், வெள்ளி உப்பின் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியச் செய்யும் வழியைக் கண்டார். இன்றைய கண்ணாடிகள் அவ்வழியில் வந்தவையே. வெள்ளிக்குப் பின்னால் காப்புச் சாயம் பூசியிருப்பார்கள். அச்சாயத்தில் கீறல் விழுந்தாலோ, விளிம்பு வழியாக ஈரம் புகுந்தாலோ வெள்ளி கறுக்கும். ஓரங்களில் கரும்புள்ளி தோன்றி நடுவை நோக்கிப் பரவும் நோய் இதுதான். அதைத் துடைத்துப் போக்க முடியாது. ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில், கண்ணாடி கெடுவது பெரும்பாலும் முன்புறத்தில் அன்று, முதுகுப்புறத்திலேதான்.

ஆதலால் கடையில் முதற்கண் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். பின்சாயம் சீராக, கீறலின்றி, விளிம்பு வரை மூடியிருக்க வேண்டும். அடுத்து, முன்னே நின்று, கதவுச் சட்டம் போன்ற நேர்கோடு ஒன்று அதில் தெரியும்படி வைத்துத் தலையை மெல்ல அசையுங்கள். கோடு பாம்புபோல் நெளிந்தால் கண்ணாடி சமமாக இல்லை. முகத்தையும் அப்படித்தான் காட்டும். கனத்தையும் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கனத்தில் ஒவ்வொரு மில்லி மீட்டருக்கும் இரண்டரை கிலோ நிறை உடையது. 5 மி.மீ. கனத்தில் 60 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடி 9 கிலோ இருக்கும், சட்டம் நீங்கலாக. சிறு கண்ணாடிக்கு 3 மி.மீ. போதும். பெரியதை அவ்வளவு மெல்லியதாக வாங்கினால் வளைந்து உருவைக் கெடுக்கும். சட்டமில்லாத கண்ணாடியாயின் விளிம்பு தேய்த்து மழுக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கலாகாது.

மாட்டும் முறைக்கு வருவோம். பலகைச் சுவரில் வெறும் பலகையை நம்பாமல், பின்னாலுள்ள மரச்சட்டத்தைத் தட்டிக் கண்டுபிடித்து அதிலே திருகாணியை இறக்க வேண்டும். செங்கல் சுவரில் துளையிட்டுப் பிளக்கு வைத்தே திருகாணி போட வேண்டும். வெறும் ஆணி இன்று தாங்கும், ஒரு நாள் கழன்று வரும். பெரிய கண்ணாடிக்கு இரண்டு இடங்களில் பிடிமானம் தேவை; ஒன்று விட்டாலும் மற்றது காக்கும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுப் புகும்படி நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு ஒட்டிவிடுவது நல்லது.

இங்கே என் அறியாமைக்கு ஒரு சான்று. குளியலறையில் துளையிடச் சோம்பி, சிலிகோன் பசையால் ஒரு கண்ணாடியைச் சுவரில் ஒட்டினேன். ஒட்டும்போது காடி நாற்றம் மூக்கைத் துளைத்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. அந்நாற்றமுள்ள பசையிலிருந்து வெளிப்படும் புளிப்பமிலம் பின்சாயத்தை அரித்து வெள்ளியைக் கெடுக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். இரண்டாண்டுக்குள், பசை வைத்த இடமெல்லாம் முன்புறத்தில் கறுப்பாகத் தெரிந்தது. கழற்றப் போனபோது கண்ணாடி உடைந்து, என் வலது கையில் நான்கு தையல். பசைதான் வேண்டுமென்றால் கண்ணாடிக்கென்றே விற்கும் நாற்றமில்லாத வகையைக் கேட்டு வாங்குக.

எந்தச் சுவரில் மாட்டுவது? திசையைப் பற்றி என்னைக் கேட்பவர் பலர். சீன அன்பர் சிலர் வாயிலின்மேல் எண்கோணச் சட்டத்தில் சிறு கண்ணாடி மாட்டுவதைக் கண்டு நம்மவரும் அவ்வாறே செய்கின்றனர். அவரவர் வழக்கத்தில் நான் தலையிடுவதில்லை. வீட்டுக்குள் மாட்டும் கண்ணாடியைப் பொறுத்தவரை, அதன் எதிரில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்தவர்கள் பலர். வரிசை வீட்டில் முன்னும் பின்னும் மட்டுமே சன்னல். நடுக்கூடம் பகலிலும் இருண்டிருக்கும். நல்ல கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். ஆனால் இருட்டைப் பார்த்து நிற்கும் கண்ணாடி இருட்டைத்தான் அனுப்பும். ஒருவரைக் கண்ணாடியைச் சுவரோடு பிடித்திருக்கச் சொல்லி, நீங்கள் உட்கார்ந்து படிக்கும் இடத்திலிருந்து பாருங்கள். அதில் சன்னலும் வானமும் தெரிந்தால் அவ்வளவு வெளிச்சம் உங்கள் புத்தகத்தின்மேல் விழும். தெரியாவிட்டால் சுவரை மாற்றுங்கள். நேர் வெயில் விழும் இடமும் ஆகாது, கண் கூசும்.

அழகுக்காக மாட்டுபவர்களுக்கும் இதுவே விதி. கண்ணாடி தன் எதிரில் உள்ளதை இரட்டித்துக் காட்டும். பூந்தொட்டியை வைத்தால் இரண்டு பூந்தொட்டி. செருப்பு அடுக்கை வைத்தால் இரண்டு அடுக்குச் செருப்பு. படுக்கைக்கு நேரெதிரே வேண்டாம். இரவில் எழுந்த குழந்தை தன் உருவையே கண்டு மிரளும்.

துடைக்கும்போது நீரையோ மருந்தையோ கண்ணாடியின்மேல் தெளிக்காதீர்கள். வழிந்து கீழ்விளிம்பில் தங்கிப் பின்னால் ஏறிவிடும். துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். அமோனியா கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடிக்கக் கண்ணாடியைக் கழற்றும்போது பின்புறக் கம்பியையும் திருகாணியையும் ஒருமுறை பாருங்கள். துரு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள். சாயம் நன்றாக உலர்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.