உழாமல் விட்ட மூலை

புதர் மண்டிய கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்ய வருகிறவர் கையில் அரிவாளைக் கொடுக்கும் முன், எது களை என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் கிராமங்களில், தெரியாமல் வெட்டினால் போவது சாதாரணப் புல் அல்ல.

அங்கே ஒரு காலத்தில் 2 கோடி ஏக்கருக்கு மேல் ஆளுயரப் புல்லும் பூச்செடிகளுமாகக் கிடந்தது. ‘பிரெய்ரி’ என்பார்கள். 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். இரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்ட கறுப்பு மண், எஃகில் வழுக்கி விழுந்தது. சில பத்தாண்டுகளில் எல்லாம் மக்காச்சோளக் காடாயிற்று. இன்று பழைய நிலையில் மிஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மிஞ்சிய துண்டுகளில் பல, கல்லறைகளில் இருக்கின்றன. குடியேறியவர்கள் இறந்தவர்களைப் புதைத்த மூலையில் மட்டும் யாரும் ஏர் ஓட்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக விட்ட நிலம், தன்னையறியாமல் ஒரு புல்வெளியின் விதைப்பெட்டியானது.

அங்குள்ள திசைகாட்டிச் செடியைப் பாருங்கள். இலைகளின் விளிம்பை வடக்கு தெற்காக நிறுத்திக்கொள்ளும். காலை வெயிலும் மாலை வெயிலும் இலைமுகத்தில் விழும், உச்சிவெயில் விளிம்போடு போய்விடும். வேர் 10 அடிக்கும் கீழே இறங்கும். விஸ்கான்சினில் ஒரு கல்லறை மூலையில் நின்ற இந்தச் செடியைப் பற்றித்தான் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு 1949இல் வெளியான தன் நூலில் எழுதினார். சாலைப் பணியாளர்கள் வேலியை எடுத்துவிட்டு அதை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு, ஒட்ட வெட்டிய புல்தரையை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய கல்லறைத் தோட்டங்களைப் பராமரிக்கும் தொண்டர்கள் முதலில் வெட்டுவது வெளிநாட்டிலிருந்து வந்த ஹனிசக்கிள் புதர்களை. வெட்டிய கட்டையில் உடனே மருந்து தடவாவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும். மற்ற வேலையை நெருப்பு செய்கிறது. இளவேனில் தொடக்கத்தில், ஐரோப்பியப் புற்கள் முந்திக்கொண்டு பச்சை கட்டும். பிரெய்ரிச் செடிகளின் மொட்டுகளோ அப்போதும் மண்ணுக்கடியில் உறக்கத்தில் இருக்கும். அந்த வேளை பார்த்துத் தீ வைத்தால் வந்தேறிப் புல் கருகும், உறங்குவது தப்பிக்கும். கருகிய தரை வெயிலை நன்றாக உறிஞ்சிச் சீக்கிரம் சூடாவதால் உறங்கியவை வேகமாக எழும்.

கல்லறைக் கல்லில் சூடு படாதபடி, அதைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே கையால் அகற்றிவிடுகிறார்கள். பளிங்குக்கல்லைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டுதான் துடைக்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் கல் கரையும், கல்லில் வெட்டிய பெயரும் அதோடு போகும்.

இலையுதிர் காலத்தில் அதே ஆட்கள் பையோடு வந்து விதை பொறுக்குகிறார்கள். உழுது சலித்த வேறொரு வயலில் அதைத் தூவுவார்கள். திசைகாட்டிச் செடி பல ஆண்டுகள் வேரை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முதல் மஞ்சள் பூவைக் காட்டும்.