உப்பில் முளைக்கும் தோட்டம்

வித்தில்லை, வேரில்லை, மண்ணுமில்லை. ஆயினும் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு தோட்டம் வளர்கிறது! இரசாயனத் தோட்டம் என்பது அதன் பெயர். ஜெர்மானிய இரசாயன அறிஞர் கிளௌபர் 1646-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதிவைத்தார்.

செய்முறை எளிது. சோடியம் சிலிகேட் என்னும் நீர்க்கண்ணாடிக் கரைசலைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்க. அதில் மயில்துத்தம், அன்னபேதி, கால்சியம் குளோரைடு ஆகியவற்றின் சிறு கட்டிகளை இடுக. சற்று நேரத்தில் நீலமும் பச்சையும் வெண்மையுமாகத் தண்டுகள் எழும்.

காரணம் என்ன? கட்டியின் மேற்பரப்பு கரைந்ததும் உலோக உப்பும் சிலிகேட்டும் கூடி, கரையாத மெல்லிய சவ்வாகக் கட்டியைப் போர்த்துகின்றன. 2017-க்கு முன் நம் அத்திபெலே எல்லையில் வரிச் சோதனைச் சாவடி இருந்ததல்லவா? நடந்து செல்பவர் கடந்துவிடுவார், பாரவண்டி நிற்கும். சவ்வும் அவ்வாறே தண்ணீரை விடும். உப்பை எளிதில் விடாது. உள்ளே உப்புச் செறிவு மிகுதி. எனவே தண்ணீர் உள்ளே பாய்கிறது. அழுத்தம் ஏறுகிறது. சவ்வு கிழிகிறது. வெளிப்படும் உப்புநீர் சுற்றியுள்ள கரைசலைவிட இலேசானது, ஆதலால் மேலெழுகிறது. எழும்போதே அதைச் சுற்றிப் புதிய சவ்வு படிகிறது. அதுவே குழாய், அதுவே தண்டு! எடையற்ற விண்வெளியில் செய்து பார்த்தபோது குழாய்கள் மேல்நோக்காமல் பல திக்கிலும் திரிந்தன என்பது இதற்குச் சான்று.

இது உயிரா? பிரெஞ்சு அறிஞர் ஸ்டெஃபான் லெடூக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயிரின் வடிவங்களும் இத்தகைய பௌதிக விசைகளாலேயே அமைகின்றன என வாதிட்டார். வடிவம் ஒத்திருப்பது உண்மை. ஆனால் இத்தோட்டம் தன்னைப்போல் மற்றொன்றை ஈனுவதில்லை. உப்பு தீர்ந்தால் வளர்ச்சியும் தீரும். தோற்றம் வேறு, உயிர் வேறு.

எனினும் லெடூக்கை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் கட்டிய வெண்ணிறக் கோபுரங்கள் கண்டறியப்பட்டன. அவையும் கனிமக் கரைசல்கள் கலந்து எழுந்த தோட்டங்களே. இத்தகைய சுவர்களின் நுண்ணறைகளில்தான் முதல் உயிர் தோன்றியிருக்கலாம் என்று கருதும் விஞ்ஞானிகள் உண்டு.

ஓர் எச்சரிக்கை: நீர்க்கண்ணாடி கடுங்காரம், கண்ணுக்குக் காப்பு வேண்டும். கோபால்ட், நிக்கல் உப்புக்கள் நஞ்சு. எஞ்சியதைச் சாக்கடையில் கொட்டாதீர். அது ஏரியைச் சேரும்.

ஆய்வுக்கூடத்தில் இரு குவளைகள் எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. ஒன்றில் செறிந்த கரைசல், மற்றொன்றில் நீர்த்த கரைசல். எது விரைந்து வளர்கிறதென்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுங்கள். வியப்பு அளவையாகும் இடத்தில் விஞ்ஞானம் தொடங்குகிறது.