மின்விசை என்னும் அன்னம்

சில மாதங்களுக்கு முன், நன்னூற் பாயிரத்திலே மாணாக்கர் இலக்கணத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் நூலாசிரியர் உவமையாக்குவது தமிழ் கற்றார் அறிந்ததே. நீரை ஒழித்துப் பாலை மாத்திரம் பருகும் அன்னத்தின் இயல்பை நான் விரித்துரைத்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, கலந்துபோனதைப் பிரிக்க உண்மையிலே யாராலும் முடியுமோ?” என்று கேட்டாள். வகுப்பு நகைத்தது. எனக்கோ நகைக்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மட்பானை ஒன்றும், அதனுள் ஈரமணலிற் புதைந்து கிடந்த சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றும் என் நினைவுக்கு வந்தன.

என் தந்தையார் இளவயதிலேயே சலரோகம் என்னும் நீரிழிவுக்கு ஆளானவர். நாள்தோறும் இன்சுலின் ஊசி ஏற்றியே உயிர் வாழ்ந்தார். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அவருடைய தொடைகளிலே, ஊசி ஏற்றிய இடங்களில், கட்டைவிரல் அமிழத்தக்க குழிகள் இருந்தன. “ஊசி தின்ற இடம், தம்பி” என்பார். பின்னர் வேறுவகை இன்சுலின் கிடைக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் அக்குழிகள் மெல்ல மெல்ல நிரம்பின. மருந்தின் பெயர் ஒன்றாயிருக்க, அதன் செயல் மாத்திரம் எங்ஙனம் மாறிற்று? அக்காலத்தில் அவ்வினா எனக்கு எழவில்லை. மாணவியின் கேள்விக்குப் பின்னரே, எங்கள் பாடசாலை இரசாயன ஆசிரியரிடம் சென்று கேட்டேன்.

“பண்டிதர், உங்கள் அன்னம் எங்கும் போய்விடவில்லை. உங்கள் வீட்டுத் தயிர்ச்சட்டியிலேயே இருக்கிறது” என்றார் அவர்.

அவர் விளக்கியது இது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையிலே சில மணிகள் நேரேற்றம் பெறக்கூடியன. சில மறையேற்றம் பெறக்கூடியன. புளிப்பு மிகுந்த நீரில் நேரேற்றம் ஓங்கும். காரம் மிகுந்த நீரில் மறையேற்றம் ஓங்கும். இடையே ஒரு நிலையில் இரண்டும் சமனாகும். அந்நிலை பெரும்பாலும் புரதந்தோறும் வேறுபடும். பாலிலுள்ள கேசீன் துகள்கள் மறையேற்றம் உடையன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால் அவை கூடாமல் மிதக்கின்றன. உறைமோர் பாலைப் புளிக்கச் செய்து, பி.எச். அளவு 4.6 ஐ நெருங்கும்போது ஏற்றம் சமனாகிறது. விலக்கும் விசை ஒழிகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி உறைகின்றன. நம் தாய்மார் பன்னெடுங்காலமாகச் செய்துவருவது மின்விசையின் தொழிலே என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்சுலினின் வரலாறும் இவ்விசையோடு பின்னிப் பிணைந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் 1921ஆம் ஆண்டில் விலங்குகளின் சதையியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11ஆம் நாள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. மருந்திலிருந்த மாசுகளால் ஊசி ஏற்றிய இடத்திற் கட்டி உண்டாயிற்று, பயனும் சிறிதே. கொலிப் என்பவர் அதனை மதுசாரத்தாற் பிரித்துத் தூய்மையாக்கியபின், அம்மாதம் 23ஆம் நாள் மீண்டும் ஏற்ற, சிறுவன் தேறினான். எனினும் நோயாளர் அனைவருக்கும் போதுமான அளவிற் செய்வது எளிதாயில்லை. அமெரிக்காவின் லில்லி நிறுவனத்து இரசாயன அறிஞர் வோல்டன் அவ்வாண்டின் இறுதியில் வழி கண்டார். கரைசலின் புளிப்பை, இன்சுலினின் ஏற்றம் சமனாகும் நிலைக்கு, அதாவது பி.எச். ஏறக்குறைய 5.3 என்னும் அளவுக்குக் கொணர்ந்தார். இன்சுலின் தானே திரண்டு அடியிற் படிந்தது. மாசுகளிற் பெரும்பகுதி கரைசலிலேயே நின்றது. தயிர்ச்சட்டியின் விதியே தொழிற்சாலையின் விதியும் ஆயிற்று.

ஆயினும் அன்னம் இன்னும் முழுத்திறம் பெறவில்லை. 1937இல் சுவீடன் நாட்டுத் திசேலியஸ், கரைசலினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, குருதிநீரிலுள்ள புரதங்கள் தத்தம் ஏற்றத்திற்கேற்ப வெவ்வேறு விரைவில் நகர்ந்து பிரிவதைக் காட்டினார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். இம்முறை ஆய்வுகூடத்திற் சிறந்தது. பேரளவிற் செய்யப் புகுந்தால், மின்னோட்டத்தால் நீர் சூடேறி, மேலுங் கீழுமாய்ச் சுழன்று, பிரிந்தவற்றை மீண்டும் கலக்கிவிடும். எடையற்ற வெளியில் இச்சுழற்சி இராதென்று கருதி, 1982இல் விண்ணோடத்தில் ஏற்றியும் இதனைச் சோதித்துப் பார்த்தனர்.

மண்ணுலகத் தொழிற்சாலைகளோ வேறு வழியை மேற்கொண்டன. ஏற்றம் பெற்ற நுண்மணிகளை நெடுங்குழாயில் நிரப்பி, அதனூடே கரைசலைச் செலுத்துவர். எதிரேற்றம் உடைய மூலக்கூறுகளை மணிகள் பற்றிக்கொள்ளும். பின்னர் உப்புநீரின் செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்த, மெல்லப் பற்றியவை முன்னும் இறுகப் பற்றியவை பின்னுமாகக் கழன்று, தனித்தனிக் கலங்களில் வந்து சேரும். 1970களில் இம்முறையாலேயே, இன்சுலினோடு ஒட்டி வந்த அதன் முன்னுருவும் பிற புரதங்களும் நீக்கப்பட்டன. ஊசி ஏற்றிய இடத்திற் குழி விழச் செய்த பகைமையை உடலில் எழுப்பியவற்றுள் அம்மாசுகள் முதன்மையானவை. என் தந்தையாரின் தொடைக்குழிகள் நிரம்பிய மருமம் இதுவே. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தபின்பும், அதனைத் தூய்மையாக்க ஏற்றம் பெற்ற மணிகளின் துணை வேண்டியே இருக்கிறது.

இனிப் பானைக்கு வருவோம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எங்கள் குளிரூட்டி புத்தக அலுமாரியாயிற்று. இரவிலே ஜாம்போத்தல் விளக்கு, பகலிலே வெய்யில். இன்சுலினோ வெப்பத்திற் கெடுவது. அம்மா மட்பானையில் மணல் நிரப்பி, நீர் தெளித்து, நடுவே குப்பியைப் புதைத்து, கிணற்றடி நிழலில் வைத்தார். பானையின் நுண்டுளைகளிற் கசிந்த நீர் ஆவியாகி உள்ளே குளிர்மையைத் தந்தது. ஒவ்வொரு காலையும் குப்பியை விளக்கொளியிற் பிடித்துப் பார்ப்பார். தெளிந்திருந்தால் அன்றைய பொழுது விடிந்தது. கலங்கியிருந்தாலோ, “திரிந்துபோச்சுது” என்பார். பாலுக்கு வழங்குஞ் சொல்லையே மருந்துக்கும் வழங்கினார். அதிற் பிழையில்லை என்று இப்போது அறிகிறேன். குலைந்த புரதம் திரளுவதே இரண்டிலும் நிகழ்வது.

1995 ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே, நெருங்கிய மக்கள் வெள்ளத்தில், இரவு முழுதும் நடந்தோம். நான் நூல்களைச் சுமந்தேன். அம்மா பானையை இடுப்பிற் சுமந்தார். விடியற்காலையில் அவர் முதலிற் செய்தது, மணலை விலக்கிக் குப்பியைத் தூக்கிப் பார்த்தமையே. அது தெளிந்திருந்தது. ஐயா அதன்பின் எட்டாண்டு வாழ்ந்தார்.

மின்சாரம் அற்ற ஊரிலே, மின்விசையால் தூய்மையான மருந்தை மண்ணும் நீரும் காத்தன. கம்பியில் வரும் மின்சாரத்தைப் பிறர் நிறுத்தலாம். பொருளினுள் உறையும் மின்விசையை யாரால் நிறுத்த முடியும்?

தமிழாசிரியனுக்கு இரசாயனம் எதற்கு என வினவுவாரும் உளர். மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. தாய்மொழியிற் கேட்ட வினாவுக்குத் தாய்மொழியிலேயே விடை கூறுவது ஆசிரியன் கடன்.

மறுவாரம் அம்மாணவியிடம் கூறினேன்: “பிரிக்க முடியும், பிள்ளை. ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்தவருக்கு முடியும்.” அவள் சிறிது சிந்தித்து, “அப்படியானால் அன்னம் அறிவுதானோ, ஐயா?” என்றாள். நன்னூலார் கூறிய தலைமாணாக்கரை அன்று நேரிற் கண்டேன்.