குரல் கேட்கிறது, படகு எங்கே?

2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் ஒக்கி புயலாக வலுத்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. அலைக்கு நடுவே தவிக்கிறவர் வயர்லெஸில் கூப்பிடலாம். தான் நிற்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் வார்த்தை சொல்லாததை ரேடியோ அலையே காட்டிக்கொடுக்கும்.

கம்பி போன்ற ஒற்றை ஆன்டெனாவுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். இரண்டு வேண்டும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலின் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 1.9 மீட்டர். அதில் பாதி இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்களை நட்டால், நேர் எதிரே இருந்து வரும் அலை இரண்டையும் ஒன்றாகத் தொடும். பக்கவாட்டில் வந்தால் ஒன்றை முந்தித் தொடும். அதிகபட்ச வித்தியாசம் விநாடியில் ஏறக்குறைய 30 கோடியில் ஒரு பங்கு! கடிகாரத்தால் இதை அளக்க வேண்டியதில்லை; இரு அலைகளின் ஏற்ற இறக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒப்பிட்டாலே கோணம் கிடைத்துவிடும். முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் மட்டும் மிஞ்சும். அதைத் தீர்க்கத்தான் மூன்றாவது ஆன்டெனா. நடைமுறையில் நான்கைந்தை வட்டமாக வைப்பதுண்டு.

இதில் கிடைப்பது திசை மட்டுமே. இன்னோர் இடத்திலிருந்தும் திசை பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கமும் அப்படியே பார்த்து, கடலடிப் பாறைத்திட்டான ‘பார்’ இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற நம் கடலோடிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோணத்தில் 2 டிகிரி பிசகினால் 50 கி.மீ. தூரத்தில் ஒன்றே முக்கால் கி.மீ. தள்ளிப்போகும்.

கன்னியாகுமரியிலும் குளச்சலிலும் கோபுரம் கட்டினால் போதாதா? போதாது. 50 மீட்டர் உயரக் கோபுரத்துக்கும் படகுக்கும் இடையே 40 கி.மீ.க்குள்தான் இந்த அலை எட்டும். அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ 200 கி.மீ.க்கு மேலும் கேட்கும். பறந்தபடியே இரண்டு இடங்களில் திசை எடுத்துவிடலாம். ஆகவே ஆன்டெனாக்கள் கரையில் காத்திருப்பதைவிட, தேடிப் போவதே ஆழ்கடலுக்குப் பொருந்தும்.

படகு மூழ்கினால் வயர்லெஸும் ஊமையாகிவிடும். அதற்குத்தான் தானே கழன்று மிதக்கும் அபாயக் கருவி: 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு ஒரு சைகை, நெருங்கி வரும் விமானம் திசை பிடிக்க 121.5 மெகாஹெர்ட்ஸில் இன்னொன்று.