பட்டறையை வித்தவரே பக்கத்துல மறுபடி திறந்தா?

மத்திகிரியில ஒருத்தர் தன் லேத் பட்டறையை உங்களுக்கு விக்கிறார்னு வச்சுக்குவோம். மெஷின்களுக்கு ஒரு விலை. பட்டறையோட பேருக்கும், வருஷக்கணக்கா ஜாப் ஒர்க் கொடுத்துட்டு வர்ற கஸ்டமர்களுக்கும் தனியா ஒரு விலை. இந்த ரெண்டாவதுதான் குட்வில். ஆறே மாசத்துல அவர் அத்திப்பள்ளியில புதுப் பட்டறை போட்டு அதே கஸ்டமர்களைக் கூப்பிட்டா, குட்வில்லுக்குக் கொடுத்த காசு போச்சு.

இனி இந்தத் தொழிலே பண்ண மாட்டேன்னு எழுதி வாங்கிட்டா போதுமா? போதாது. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது.

1874-ல கல்கத்தாவுல ஒரு வழக்கு. ஒரே ஏரியாவுல ரெண்டு போட்டி வியாபாரிகள். நீ தொழிலை மூடினா, வேலையாட்களுக்கு நீ கொடுத்த அட்வான்ஸை நான் தந்துடறேன்னு ஒரு தரப்பு ஒத்துக்கிச்சு. மூடினவருக்குப் பணம் வரல. வழக்குப் போட்டார். ஒப்பந்தமே செல்லாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அங்க யாரும் குட்வில்லை விக்கல, போட்டியை மட்டும்தான் நிறுத்தப் பார்த்தாங்க. குட்வில்லை வித்திருந்தா, பிரிவு 27-லயே ஒரு விதிவிலக்கு இருக்கு. அதுக்கும் கண்டிஷன்கள் உண்டு: தடை அதே மாதிரித் தொழிலுக்குத்தான், எந்த எல்லைக்குள்ளன்னு குறிப்பிடணும், அந்த எல்லை நியாயமானதுன்னு கோர்ட்டுக்குத் தோணணும், வாங்கினவரோ, அவர்கிட்டயிருந்து குட்வில்லை வாங்கினவரோ அங்க தொழில் நடத்துற வரைக்கும்தான் தடை. நீங்க மூடிட்டா, வித்தவர் ஃப்ரீ.

நம்ம பார்டர் ஏரியாவுல சிக்கலே எல்லையிலதான். 'ஓசூர் தாலுகா'ன்னு மட்டும் எழுதினா, கர்நாடகாவுல இருக்கிற அத்திப்பள்ளி தப்பிச்சிடும். 'இந்தியா முழுக்க'ன்னு எழுதினா, ஒரு லேத் பட்டறைக்கு இது ஓவர்னு கோர்ட் நினைக்கலாம். கஸ்டமர்கள் எங்கெல்லாம் இருக்காங்கன்னு பார்த்து, பட்டறையிலிருந்து இத்தனை கிலோமீட்டர், கர்நாடகப் பகுதியும் சேர்த்துன்னு எழுதுறது நல்லது. ஒப்பந்தச் சட்டம் ரெண்டு மாநிலத்துக்கும் ஒண்ணுதான்.

வித்தவர் வாக்கை மீறினா, சிவில் கோர்ட்ல தடையாணை கேட்கலாம். கேஸ் முடியற வரைக்கும் காத்திருந்தா கஸ்டமர்கள் போயிடுவாங்க, அதனால இடைக்காலத் தடையும் சேர்த்தே கேட்கணும். தெரிஞ்ச உடனே போகணும். இழுத்தடிச்சுப் போனா, இப்போ என்ன அவசரம்னு கோர்ட் கேட்கும். அப்போ உங்க கையில முதல்ல இருக்க வேண்டியது, குட்வில்லுக்கு இவ்வளவு தொகைன்னு தனியா எழுதின விற்பனைப் பத்திரம். அதுல மெஷின் லிஸ்ட் மட்டும் இருந்தா, குட்வில்லை வாங்கினதையே முதல்ல நிரூபிக்க வேண்டி வரும்.