குடியோட்டிக்கு ஒரு சட்டி

குடியோட்டி என்று ஒரு செடி உண்டு. பிரமதண்டு என்றும் அதனைச் சொல்வர். நீறு பூசினாற்போன்ற பச்சை இலை, இலை நரம்பெல்லாம் வெள்ளைக் கோடு, விளிம்பெல்லாம் முள். அத்தனை முள்ளுக்கும் மேலே, பட்டுக் கடதாசியைக் கசக்கி விரித்துவிட்டாற்போல ஒரு மஞ்சட் பூ. தண்டைக் கிள்ளினால் மஞ்சள் நிறப் பால் வடியும். மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும், எங்கள் பாலையூற்றில் மதில் சரிந்த வளவுகளிலும் வீதியோர மணலிலும் இது தலைகாட்டும். ஆடும் தின்னாது; மாடும் முகராது.

இச்செடி பொப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று மாணவரிடம் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. பொப்பி என்றால் நவம்பர் மாதத்தில் சட்டையிற் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ என்பதே அவர்கள் அறிந்தது. மேல்நாட்டார் வயல்களிலே தானாக முளைக்கும் அந்தச் சிவப்புக் காட்டுப் பொப்பியும் நம் குடியோட்டியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். நிறம் வேறு, குணம் ஒன்று. அந்தக் குணம் இன்னதென்று அறியாதவர் இரண்டில் ஒன்றையும் சட்டியில் வளர்த்துவிட முடியாது.

கிளறப்பட்ட மண்ணையே இக்குடும்பம் நாடும். காட்டுப் பொப்பியின் விதை தூசியளவு சிறியது. மண்ணுக்குள் புதைந்துவிட்டால் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கவல்லது. எவரேனும் மண்ணைப் புரட்டி அதனை ஒளியிற் காட்டினாலன்றி விழித்துக்கொள்ளாது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப்போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மண்ணைப் பீரங்கிகள் உழுதன. புதைகுழி தோண்டியவர்கள் கிளறினர். உறங்கிய விதைகள் விழித்தன. 1915ஆம் ஆண்டு அங்கிருந்த கனடாநாட்டு மருத்துவர் ஜோன் மக்ரே அப்பூக்களைப் பற்றி எழுதிய கவிதை உலகெங்கும் பரவியது. 1921 முதல் பிரித்தானியாவில் பொப்பி மலர் விற்பனை தொடங்கிற்று. படையினரின் குருதியினின்று பூ முளைத்ததென்று பாடுதல் புலவருக்கு ஏற்கும். தோட்டக்காரன் மண்வெட்டியைத்தான் காரணமாகச் சொல்வான்.

அந்தப் பூ இலங்கைக்கும் வந்து ஒரு வழக்கைக் கிளப்பியது. விற்பனைப் பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியப் படையினருக்கே போகிறது, இந்நாட்டு முன்னாட் படையினர் கைவிடப்படுகின்றனர் என்று மனம்வெதும்பிய ஏலியன் பெரேரா, 1931ஆம் ஆண்டு அதே நாளில் பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்திலே அது சூரிய மல். 1933இல் இளைஞர் கழகத்தார் இதனைக் கையேற்று ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினர். ஆங்கிலப் பெண்மணியான டொரீன் யங், 'மலர்களின் போர்' என்ற பொருள்படும் தலைப்பிற் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அன்று பெருஞ் சலசலப்பை உண்டாக்கிற்று. பின்னர் டொரீன் விக்கிரமசிங்க என அறியப்பட்டவர் அவரே. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது இவ்வியக்கத்தினர் ஊரூராய்ச் சென்று பணிபுரிந்தனர். பூவரசைத் தேர்ந்தவர் அறிவாளிகளே என்பது என் எண்ணம். ஒரு தடியை வெட்டி வேலியில் நட்டாலும் தளிர்க்கும் மரம் அது. பொப்பிக்கு அந்த வரம் இல்லை.

இந்த வேற்றுமையை இங்கேயே நின்று பார்க்கலாம். உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப்போரில் மாண்ட முந்நூறுக்கு மேற்பட்ட பொதுநலவாயப் படையினரின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய கதையை இங்குள்ள முதியவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். நினைவுக்காகப் பொப்பி வைப்போர் செயற்கைப் பூவையே வைக்கின்றனர். உண்மைப் பொப்பி குளிர்நாட்டுச் செடி. நுவரெலியாவில் மகிழ்ந்து பூக்கும். எங்கள் ஊரிலோ மார்கழி இரவிலும் வெப்பமானி 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் முயன்றால் முற்றாக ஏமாற்றாது. நுவரெலியா நண்பர் ஒருவர் அனுப்பிய ஒரு சிட்டிகை விதையில் எனக்கு நான்கு முளைத்தன. மாசியில் இரண்டு பூத்தன, மலைநாட்டுப் பூவின் பாதியளவில்.

குடியோட்டிக்கு எங்கள் வெயிலொன்றும் புதிதன்று. ஆனால் அதுவும் வந்தேறியே. மெக்சிக்கோ அதன் தாயகம். லின்னேயஸ் 1753இல் இட்ட தாவரவியற் பெயரிலும் மெக்சிக்கோ உண்டு. ஐரோப்பியர் கடல்வழி வந்த நூற்றாண்டுகளுக்குப் பின்னரே நம் நிலங்களுக்கு வந்திருக்க வேண்டும். வந்த செடிக்கு நம்மவர் இட்ட பெயர்தான் கொடியது: குடியை ஓட்டுவது! இது நிற்கும் மனையிற் குடி நிலைக்காதாம்.

நான் இதனைச் சட்டியில் வளர்ப்பதைக் கண்டு அடுத்த வளவு அம்மா ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். 1990இல் ஊரைவிட்டுப் போய், நீண்ட காலத்தின் பின் திரும்பியவர். அவர் வந்து பார்த்தபோது அடுக்களை இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு இச்செடிதான் நின்றதாம்.

"மாஸ்டர், இது நிண்ட வளவில ஆள் நிலைக்காது. புடுங்கி எறியுங்க."

"நாங்கள் போன பிறகுதானே அம்மா இது வந்தது?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "அது சரிதான்" என்றார், பிறகு, "பூவ வைச்சிருங்க. பேர மட்டும் என்ர காதில போடாதீங்க" என்றார். அன்றுமுதல் எங்களுக்குள் அதன் பெயர் மஞ்சட் பொப்பி.

இனி வளர்க்கும் முறை. பொப்பி இனத்துக்கு ஆணிவேர் ஒன்றே ஆதாரம். பக்கவேர் குறைவு. ஆகவே வளர்ந்த செடியைத் தோண்டியெடுத்துச் சட்டியில் வைத்தால் மாலைக்குள் தலைசாயும். எவ்வளவு நீர் வார்த்தாலும் பெரும்பாலும் நிமிராது. நிற்கவேண்டிய சட்டியிலேயே விதைப்பதுதான் முறை. சட்டி ஓரடி ஆழமாவது இருக்கட்டும். அகலம் இரண்டாம் பட்சம். பழைய எண்ணெய்த் தகரமும் ஆகும், அடியில் நான்கைந்து துளையிட்டால். துளைமேல் ஓட்டுத் துண்டு; அதன்மேல் மணல் இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு கைப்பிடி. உரம் மிகுந்தால் இலை கொழுக்கும், பூ வராது. தூசிபோன்ற பொப்பி விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாற் போதும், மண்ணிட்டு மூடலாகாது. கடுகளவான குடியோட்டி விதைக்கு மெல்லிய மணற்போர்வை கேடில்லை. நீரைப் பூவாளியால் ஊற்றாமல், சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுக. நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்குக; பிடுங்கினால் அயற்செடியின் வேரும் அசையும்.

இடம் மாற்றியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பத்திரிகைத் தாளைக் குவளையாகச் சுருட்டி மண் நிரப்பி, ஒன்றில் இரண்டு விதை வீதம் இடுக. முதலில் விரியும் வித்திலைகளுக்குப் பிறகு மூன்றாவது இலை தோன்றியதும், மாலையில் வெயில் தாழ்ந்தபின், குவளையோடு புதுச் சட்டியில் இறக்கிவிடுக. தாள் தானே மக்கும். வேருக்குத் தான் இடம்பெயர்ந்த செய்தி தெரியவே கூடாது. நாலாம் இலை, ஐந்தாம் இலை என்று காலம் தாழ்த்தினால் ஆணிவேர் தாளைத் துளைத்து வெளியே வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. அடுக்களைக் கசகசாவும் ஒரு பொப்பியின் விதையே என்று கேள்வியுற்று அதனை விதைத்துப் பார்க்க எவரும் துணியவேண்டாம். அது அபின் தரும் செடி. உத்தரவின்றி வளர்ப்பதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. மற்றது, குடியோட்டி விதை கடுகை ஒத்தது, ஆனால் நஞ்சு. 1998இல் டில்லியில் இவ்விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு உடல் வீங்கி மாண்டோர் 60க்கும் மேற்பட்டவர். குழந்தைகள் உள்ள வீட்டில் சட்டியை எட்டாத இடத்தில் வைத்து, காய் முற்றி வாய்விரியுமுன் உறையணிந்த கையால் நறுக்கிவிடுதல் வேண்டும். நான் ஒரேயொரு காயை மட்டும் மறு ஆண்டுக்கென்று விட்டு, அதன்மேல் துணி கட்டுவேன்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் செடி காய்ந்துவிடும். தண்டை வெட்டியெறிந்து சட்டியை நிழலில் வைத்துவிடலாம்; மண்ணைக் கொட்டவேண்டியதில்லை. மாரியின் முதல் மழைக்குப் பின் மேல்மண்ணை ஒரு குச்சியாற் கிளறிவிட்டால் போதும். சென்ற தை மாதம் அந்த அம்மாவும் வேலிக்கு மேலால் ஒரு பழைய தகரத்தை நீட்டினார். துளை நான்கும் அவரே போட்டிருந்தார்.