ஸ்ரீகாரத்தின் இரு வடிவங்கள்: பழைய குறியாக்கங்களின் ஓய்வும் வியாக்கியான பாடங்களும்

திருவாய்மொழிக்கு அமைந்த வியாக்கியானங்கள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி என எழுத்தின் கணக்கினாலேயே பெயர் பெற்றன. ஒற்று நீக்கி, உயிரும் உயிர்மெய்யுமாக 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம்; படி என்பதும் அதுவே. இக்கணக்கில் 'ஸ்ரீ' என்பது ஓரெழுத்து. கணினியில் முன்னர் வழங்கிய திஸ்கி என்னும் குறியாக்கமும் அதற்கு ஓரிடமே வகுத்திருந்தது. இன்று வழங்கும் ஒருங்குறியிலோ அது நான்கு குறிகளின் தொடர்; யூ.டி.எஃப்-8 வடிவில் 12 பைட்டு. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது உள்ளே வேறு வேறாய் இருக்கக்கூடும் என்னும் இந்நிலை, சம்பிரதாய நூல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

ஒருங்குறி 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி அதில் ஒதுக்கப்பட்டது. எனினும் அதனைக் காட்டவல்ல இயங்குதளங்கள் பரவலாகச் சில ஆண்டுகள் சென்றன. அந்த இடைவெளியில் எட்டுப் பிட்டுக் குறியாக்கங்கள் பல தோன்றின. இணையத் தமிழர் கூடி வகுத்த திஸ்கி ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் இரண்டு. இவற்றுக்குப் புறம்பே அச்சகங்கள் தத்தம் எழுத்துருவோடு வைத்துக்கொண்ட தனிக் குறியாக்கங்கள் எண்ணில. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களை முதலில் திஸ்கியிலேயே வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 என்பதனையும் தரமாக அறிவித்தபின், பழையவை வழக்கொழியத் தலைப்பட்டன.

இயங்குதளங்களும் அவ்வழியே சென்றன. ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளம் 2015-இல் யூ.டி.எஃப்-8 அல்லாத பழைய மொழிச்சூழல்களை நீக்கிவிட்டது. அடிப்படையான 'சி' சூழல் மட்டுமே அதனுடன் எஞ்சியது. இதில் குறை காண்பதற்கில்லை. ஒரே பைட்டுக்குப் பத்துப் பொருள் சொல்லும் ஏற்பாட்டைப் பேணுவது பிழைகளையும் பேணுவதேயாகும். ஆயின் தமிழுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. திஸ்கிக் கோப்புகள் பெரும்பாலும் தம்மைத் தமிழ் என்று சொல்லிக்கொண்டவை அல்ல. மேலை ஐரோப்பிய எழுத்தின் குறியாக்கத்தை மேற்போர்வையாகக் கொண்டு, எழுத்துருவின் உதவியால் மட்டுமே தமிழாய்க் காட்சியளித்தவை அவை. யூ.டி.எஃப்-8 ஒன்றையே அறிந்த செயலி அத்தகைய கோப்பைத் திறக்கும்போது, 128-க்கு மேற்பட்ட பைட்டுகளைச் செல்லாதவை எனக் கொண்டு வினாக்குறியிட்ட சாய்சதுரங்களை அவற்றின் இடத்தில் வைக்கும். அந்நிலையில் கோப்பை மீளச் சேமித்தால் மூலம் முற்றும் அழியும். எல்லா எழுத்துக்கும் ஒரே குறி அமைந்துவிட்டபின் எதனைக் கொண்டு மீட்பது? பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை இவ்வாறு அழியா. உரோமன் எழுத்துகளின் குப்பையாய்க் கிடப்பினும் எழுத்துரு இன்னதென்று தெரிந்தால் மீட்கலாம்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி செல்லரித்து லுப்தமாக, லுப்தமான அளவுக்கே மணவாள மாமுனிகள் வியாக்கியானம் அருளி, பழைய ஏடு எஞ்சியிருந்த இடத்தில் நிறுத்தினார் என்பர். எவ்வளவு போயிற்று, எங்கே மீண்டும் தொடங்குகிறது என்பதனை அரிபட்ட ஏடு காட்டியது. செல்லரித்த ஏட்டில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். தவறாக மாற்றப்பட்ட கோப்பிலோ ஓட்டையே தெரியாத பிழைகள் நேரும். அவையே மிகுந்த அச்சத்துக்குரியவை.

எடுத்துக்காட்டாக, பழைய குறியாக்கங்களில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னே வரும். மாற்றி இதனைச் சரிசெய்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தையே தட்டெழுதிய வழக்கத்தை அது அறியாது. 'கௌஸ்துபம்' என்பது 'கெளஸ்துபம்' ஆகிவிடும். படிப்பவர் வேறுபாட்டைக் காணார். தேடுபவருக்குச் சொல் அகப்படாது. இதனைத் திருத்தப் புகுந்து, கொம்பும் மெய்யும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக என்று கணினிக்குக் கட்டளையிட்டால் திருவெள்ளறையின் பெயரே சிதையும். ஆதலின் இது பொறியிடம் விடத்தக்க பணியன்று. சம்பிரதாயச் சொற்களை அறிந்தவர் கண்ணே வேண்டும்.

ஸ்ரீகாரத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. தாலவ்யமான ஶகரம் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஸ்ரீகாரத்தை ஸகரத்தைக் கொண்டே அமைத்தனர். பின்னர் ஶகரத்தைக் கொண்டு அமைப்பது முறையாயிற்று. வடமொழி இலக்கணத்துக்கும் அதுவே இயைந்தது. ஆயினும் இரண்டும் திரையில் ஒரே வடிவாய்த் தோன்றுகின்றன. விசைப்பலகைகளும் ஒருபடித்தானவை அல்ல. ஒருங்குறியின் சீராக்க விதிகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதில்லை. ஸ்ரீவசநபூஷணத்தைத் தேடுபவர், தாம் தட்டிய வடிவம் நூலின் வடிவத்தினின்று வேறானால், அந்நூல் அங்கில்லை என்றே கருதித் திரும்புவார். திஸ்கியில் ஶகரமே இல்லாமையால், அதில் 'சரணாகதி' என்று இருந்ததனை 'ஶரணாகதி' ஆக்குவதும் பதிப்பாசிரியரின் முடிவேயன்றி மாற்றியின் வேலையன்று.

மணிப்பிரவாளத்தைக் கிரந்த எழுத்து விரவியே பதிப்பிக்க விரும்புவோர்க்கு 2014-இல் வழி பிறந்தது. அவ்வாண்டு கிரந்தத்துக்கு ஒருங்குறியில் தனிப் பகுதி அமைந்தது. அப்பகுதியில் ழகர றகரங்கள் இல்லாமையால், ஒரே வாக்கியத்தில் இரு பகுதிகளினின்றும் எழுத்தெடுக்க வேண்டும். இரண்டையும் அழகுறக் காட்டும் எழுத்துருவும் வேண்டும்.

புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களுக்குரிய அரும்பாவூரில், சிதைந்த தேர்ச்சிற்பத்துக்கு மாற்றுச் செய்யப் புகும் சிற்பி பழையதை முதலில் பிளந்து விறகாக்கிவிட்டு உளியை எடுப்பாரோ? கோப்புகளுக்கும் அதுவே முறை. மூலக்கோப்பைத் திறந்து சேமியாமல் அப்படியே இரண்டு இடங்களில் வைத்து, அது எழுதப்பட்ட எழுத்துருவையும் உடன் வைத்தல் வேண்டும். பின்னர்ப் படியொன்றை மட்டும் மாற்றி, அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்புநோக்க வேண்டும். ஸ்ரீகாரத்துக்கு எவ்வடிவம் கொள்ளப்பட்டது, ஶகரம் எங்ஙனம் ஆளப்பட்டது என்பவற்றைப் பாடபேதங்களைக் குறிப்பது போலப் பதிப்பின் முகப்பிலேயே குறித்துவிடுவது நன்று.